மகள் சாட்சி சொன்ன வழக்கு: உடுமலை சங்கர் கொலையும் குடும்பத்தின் பொறுப்பும்

2016 மார்ச் 13, ஞாயிற்றுக்கிழமை. உடுமலைப்பேட்டை பேருந்து நிலையம் அருகே, ஆள் நடமாட்டம் நிறைந்த சாலையில், துணி வாங்கிவிட்டு ஊர் திரும்ப வந்த இளம் தம்பதியை பைக்குகளில் வந்த கும்பல் பட்டப்பகலில் வெட்டிச் சாய்த்தது. சங்கருக்கு வயது 22. பொறியியல் மாணவர், கொமரலிங்கத்தைச் சேர்ந்த தலித் குடும்பத்துப் பிள்ளை. கோவை மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் வழியிலேயே உயிர் போய்விட்டது. அவர் மனைவி கௌசல்யாவுக்கு 19 வயது. தலையில் பலத்த வெட்டுக் காயங்களோடு பிழைத்தார். கடைகளின் கண்காணிப்புக் கேமராவில் எல்லாம் பதிவாகியிருந்தது. அன்று சாயங்காலமே அந்தக் காட்சி வாட்ஸ்அப்பில் தமிழ்நாடு முழுக்கச் சுற்றியது. முகத்தை மறைத்துக்கொள்ளக்கூட மெனக்கெடாமல் வந்தார்கள், வெட்டினார்கள், வண்டியில் ஏறிப் போனார்கள்.

இந்த வழக்கைப் பற்றி நிறைய எழுதிவிட்டார்கள். பெரும்பாலும் சாதி வெறி, காதல், தீர்ப்பு என்ற மூன்று புள்ளிகளுக்குள் அது முடிந்துபோகும். எனக்கு இதில் முக்கியமாகப் படுவது வேறு. தன் குடும்பத்தின் மீதே குற்றம் சுமத்தப்பட்டபோது ஒரு பெண் உண்மையின் பக்கம் நின்றார். அவர் சொல் எவ்வளவு தூரம் போனது, எங்கே நின்றது, அவரைத் தவிர வேறு யார் யார் வாய் திறந்திருக்க வேண்டும் என்பதை இந்த வழக்கில் அடுத்தடுத்துப் பார்க்க முடிகிறது.

முதலில், கொலைக்கு முந்தைய எட்டு மாதம். கௌசல்யா பழனியில் வசதியான வீட்டில் வளர்ந்தவர். தேவர் சமூகம். பொள்ளாச்சி பக்கம் ஒரு கல்லூரியில் படிக்கும்போது சங்கரோடு பழக்கம். 2015 ஜூலை 12 அன்று பழனியில் கோயிலில் வைத்துத் திருமணம் செய்துகொண்டார்கள். பாதுகாப்பு கேட்டு உடுமலை அனைத்து மகளிர் காவல் நிலையத்துக்குப் போனார்கள். தான் வயது வந்தவள், விருப்பப்பட்டே திருமணம் செய்துகொண்டேன் என்று கௌசல்யா அங்கே சொன்னார். அதோடு சட்டப்படி விஷயம் முடிந்திருக்க வேண்டும்.

முடியவில்லை. இரண்டு வாரத்துக்குள் தாத்தா வந்து அவரை அழைத்துப்போனதாகவும், வழியில் காரில் ஏற்றிப் பெற்றோரிடம் சேர்த்ததாகவும், கோயில் கோயிலாகக் கூட்டிப்போய் மனதை மாற்றப் பார்த்ததாகவும் கௌசல்யா பின்னால் சொன்னார். சங்கர் புகார் கொடுத்த பிறகுதான் திரும்ப வர முடிந்தது. மகளை விட்டுவிட்டால் பத்து லட்சம் ரூபாய் தருவதாகச் சங்கர் வீட்டாரிடம் பேசினார்கள் என்பதும் அவர் சொன்னதுதான். கொலைக்குச் சில நாள் முன்புகூட வந்து கூப்பிட்டிருக்கிறார்கள். வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார். அந்த எட்டு மாதத்தில் கல்லூரியை விட்டார், கடை வேலைக்குப் போனார், கூலி வேலை செய்யும் மாமனாரின் சின்ன வீட்டில் எல்லோரோடும் சேர்ந்து இருந்தார். பழனி வீட்டில் அவருக்கு இருந்த வசதிக்கும் இந்த வாழ்க்கைக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. ஆனாலும் திரும்பிப் போகவில்லை.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். சாதி மாறித் திருமணம் செய்த பெண்ணிடம் குடும்பம் கேட்பது அவள் உடம்பு வீடு திரும்புவதை மட்டும் அல்ல. நடந்தது நடக்கவே இல்லை என்று அவளும் சேர்ந்து சொல்ல வேண்டும். 'அவன் ஏமாற்றிக் கூட்டிப்போய்விட்டான், புத்தி கெட்டுப் போயிருந்தேன்' என்று அவள் வாயால் வந்துவிட்டால் போதும், சொந்தக்காரர் முன்னால் தலை நிமிர்ந்துவிடலாம். அவள் விருப்பம் அவளுடையதே இல்லை என்று ஆக்கினால்தான் குடும்பத்தின் மானம் மீளும் என்பது கணக்கு. அப்படி ஒரு பொய்யைத் தினம் தினம் வாழச் சொல்வது சாதாரண வேண்டுகோள் இல்லை. கௌசல்யா அதற்குத்தான் மறுத்தார். காவல் நிலையத்தில் அவர் சொன்னதும் பின்னர் நீதிமன்றத்தில் சொன்னதும் ஒன்றேதான்.

கொலைக்குப் பிறகு இவர் எப்படியும் பெற்றோரிடம் போய்விடுவார் என்று எதிர்பார்த்தவர்கள் உண்டு. 19 வயது, கணவன் இல்லை, படிப்பு பாதியில், சொந்தக்காரர் யாரும் பக்கத்தில் இல்லை. நம் ஊரில் இந்த நிலையில் இருக்கும் பெண்ணுக்குத் தாய்வீடுதான் கதி என்று யாரும் யோசிக்காமலே சொல்லிவிடுவார்கள். அவர் கொமரலிங்கத்துக்கே போனார். நடுவில் தற்கொலைக்கு முயன்ற அளவுக்கு உடைந்தும் போனார். அதிலிருந்து மீண்டு வந்து வழக்கின் முக்கியமான சாட்சியாக நின்றார். கொலைக்குச் சதி செய்ததாகத் தன் தந்தை, தாய், தாய்மாமன் மீது அரசுத் தரப்பு வைத்த குற்றச்சாட்டுக்கு ஆதரவாகச் சாட்சி சொன்னார். அவர்களுக்குப் பிணை கொடுக்கக் கூடாது என்று ஒவ்வொரு முறையும் நீதிமன்றத்துக்கு வந்து எதிர்த்தார்.

சட்டம் இதை எப்படிப் பார்க்கிறது என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கணவன் மனைவிக்குள் பேசிக்கொண்டதை வெளியே சொல்லச் சொல்லி நீதிமன்றம் கட்டாயப்படுத்த முடியாது என்று இந்தியச் சாட்சியச் சட்டம் ஒரு பாதுகாப்பு தந்தது. 2024இல் அதற்குப் பதிலாக வந்த சட்டமும் அதைத் தருகிறது. பெற்றோருக்கும் பிள்ளைக்கும் அப்படி எதுவும் இல்லை. குற்றவாளிக்கு அடைக்கலம் கொடுப்பது குற்றம் என்ற பிரிவிலும் கணவன் அல்லது மனைவிக்கு மட்டும்தான் விலக்கு. கொலை செய்யப்போகிறார்கள் என்று ஒருவருக்குத் தெரிய வந்தால் காவல்துறைக்கோ மாஜிஸ்திரேட்டுக்கோ உடனே சொல்ல வேண்டும் என்று குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 39ஆம் பிரிவு பொதுமக்கள் எல்லோருக்கும் கடமை விதித்தது. இப்போதைய புதிய சட்டத்திலும் அந்தக் கடமை இருக்கிறது. சித்தப்பாவுக்கும் அத்தைக்கும் பக்கத்து வீட்டுக்காரருக்கும் அது பொருந்தும். நடைமுறையில் அதை யாரும் நினைத்தே பார்ப்பதில்லை. சொந்தத்துக்குள் நடப்பதைச் சொந்தத்துக்குள்ளேயே வைத்துக்கொள்வதுதான் ஒழுக்கம் என்று பழகிவிட்டோம்.

இன்னொன்றும் உண்டு. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் செய்யப்பட்ட திருத்தம் 2016 ஜனவரி 26 முதல் அமலுக்கு வந்தது. அதில் சேர்க்கப்பட்ட 15ஏ பிரிவு, பாதிக்கப்பட்டவரும் அவரைச் சார்ந்தவரும் பிணை விசாரணையில் தங்கள் தரப்பைச் சொல்ல உரிமை தந்தது. சங்கர் கொல்லப்படுவதற்கு ஏழு வாரம் முன்பு வந்த உரிமை. சட்டப் புத்தகத்தில் இருப்பதைப் பயன்படுத்த ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் குற்றம் சாட்டப்பட்டவரின் மகளாகவே இருக்கும்போது அதற்கு என்ன விலை கொடுக்க வேண்டியிருக்கும் என்று எந்தச் சட்டத்திலும் எழுதியிருக்காது.

விலை என்னவென்று அறிய கோகுல்ராஜ் வழக்கைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். ஓமலூரைச் சேர்ந்த தலித் பொறியியல் பட்டதாரி கோகுல்ராஜ், 2015 ஜூன் 23 அன்று தன்னோடு படித்த, வேறு சாதியைச் சேர்ந்த பெண்ணுடன் திருச்செங்கோடு அர்த்தநாரீஸ்வரர் கோயிலுக்குப் போனார். அங்கிருந்து கடத்தப்பட்டார். மறுநாள் பள்ளிபாளையம் அருகே ரயில் தண்டவாளத்தில் உடல் கிடந்தது. கோயில் கேமராவில் இருவரும் தெரிந்தார்கள். அந்தப் பெண் ஆரம்பத்தில் நடந்ததைச் சொன்னார். விசாரணையில் பிறழ்சாட்சியானார். 2022 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை நீதிபதிகள் அவரை நேரில் வரவழைத்துக் கேமராக் காட்சியைக் காட்டினார்கள். அதில் இருக்கும் பெண் தான் இல்லை என்று சொன்னார். யோசித்துச் சொல்ல அவகாசம் கொடுத்தும் பதில் மாறவில்லை. நீதிமன்ற அவமதிப்பு நடவடிக்கை வரை போனது.

அந்தப் பெண்ணைத் திட்டுவது சுலபம். எனக்கு மனம் வரவில்லை. திரையில் தெரியும் தன் முகத்தைப் பார்த்துத் தன்னுடையது இல்லை என்று ஒருவர் சொல்கிறார் என்றால், அவரைச் சுற்றி என்ன மாதிரி வேலி போடப்பட்டிருக்கும் என்றுதான் நினைக்கத் தோன்றுகிறது. அவருக்குப் பதிலாக அந்த வழக்கைச் சுமந்தவர் கோகுல்ராஜின் தாய். நாமக்கல்லில் நியாயம் கிடைக்காது என்று சொல்லி வழக்கை மதுரைக்கு மாற்ற வைத்ததிலிருந்து, கடைசி வரை அவர் விடவில்லை. 2022 மார்ச்சில் பத்துப் பேருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. மேல்முறையீட்டை விசாரித்த நீதிபதிகள் கோயிலுக்கே நேரில் போய் இடத்தைப் பார்த்தார்கள். 2023 ஜூனில் எட்டுப் பேரின் ஆயுள் தண்டனையை உறுதி செய்தார்கள், இருவருக்கு ஐந்தாண்டாகக் குறைத்தார்கள்.

சரி, உடுமலை வழக்குக்கு வருவோம். திருப்பூர் முதன்மை அமர்வு நீதிமன்றம் 2017 டிசம்பர் 12 அன்று தீர்ப்பு சொன்னது. குற்றம் சாட்டப்பட்ட 11 பேரில், கௌசல்யாவின் தந்தை உட்பட ஆறு பேருக்குத் தூக்கு. ஒருவருக்கு ஆயுள், இன்னொருவருக்கு ஐந்தாண்டு. தாய், தாய்மாமன், இன்னும் ஒருவர் விடுதலை. நான் தூக்குத் தண்டனையை எந்த வழக்கிலும் ஏற்காதவன், இந்த வழக்கிலும்தான். ஆனால் ஆணவக் கொலை வழக்கில் சதி செய்தவர் என்று சொல்லப்பட்டவரும் வெட்டியவர்களும் ஒரே தீர்ப்பில் தண்டனை பெற்றது தமிழ்நாட்டுக்குப் பெரிய அதிர்ச்சியாக இருந்தது உண்மை.

அன்றைக்கே எதிர்ப்பேச்சும் கிளம்பியது. பெற்ற அப்பனையே தூக்கில் போடச் சொன்ன பெண் என்று சமூக ஊடகத்தில் எழுதினார்கள். வளர்த்த நன்றி இல்லையா, பெற்றவர்கள் கோபத்தில் ஏதோ செய்துவிட்டால் பிள்ளை மன்னிக்கக் கூடாதா என்று கேட்டார்கள். வெறும் வசவு என்று இதை ஒதுக்க முடியாது. பெற்றோருக்குப் பிள்ளை கடன்பட்டவர் என்ற எண்ணம் நம்மிடம் ஆழமாக இருக்கிறது, அதில் நல்லதும் இருக்கிறது. வயதான காலத்தில் பார்த்துக்கொள்வது, கஷ்டத்தில் கூட நிற்பது, பழைய சண்டையை விட்டுக்கொடுப்பது எல்லாம் அந்தக் கடனில் வரும். ஆனால் மன்னிப்பவர் யார் என்று பார்க்க வேண்டும். செத்தது சங்கர். சங்கர் சார்பில் மன்னிக்கக் கௌசல்யாவுக்கே உரிமை கிடையாது, அவர் மனைவியாக இருந்தாலும். கொமரலிங்கத்தில் மகனைப் பறிகொடுத்த ஒரு தகப்பன் இருந்தார். அண்ணனை இழந்த தம்பிகள் இருந்தார்கள். கௌசல்யா வாயை மூடியிருந்தால் தாய்வீட்டுக்குப் பட்ட கடன் தீர்ந்திருக்காது. அந்த வீட்டுக்குச் செய்யப்பட்ட அநியாயத்தில் அவரும் ஒரு பங்காளி ஆகியிருப்பார், அவ்வளவுதான்.

நன்றி என்று கேட்டவர்கள் பார்க்காமல் விட்ட ஒரு பக்கமும் இருக்கிறது. அரசு தந்த இழப்பீட்டுப் பணத்தில் கௌசல்யா சங்கர் குடும்பத்துக்கு வீடு கட்டினார். சங்கர் பெயரில் ஊர்ப் பிள்ளைகளுக்குத் தனிப்பயிற்சி மையம் நடத்தினார். பறை கற்றுக்கொண்டு மேடையேறினார். வெலிங்டன் கண்டோன்மென்ட் அலுவலகத்தில் வேலை கிடைத்த பிறகும் ஊர் ஊராகப் போய்ச் சாதி மறுப்புத் திருமணம் செய்தவர்களுக்காகப் பேசினார். கணவன் வீட்டுக்கு மகளாக இருந்து செய்ய வேண்டியதைச் செய்தார். ரத்த சொந்தத்துக்கு மட்டும்தான் கடன் என்று வைத்துக்கொண்டால்தான் இது கண்ணில் படாமல் போகும்.

2020 ஜூன் 22 அன்று சென்னை உயர் நீதிமன்றம் மேல்முறையீட்டில் தீர்ப்பளித்தது. வெட்டிய ஐந்து பேரின் குற்றம் நிரூபணம் ஆகியிருக்கிறது என்றது. தூக்கைக் குறைத்து, 25 ஆண்டுக்கு எந்தத் தண்டனைக் குறைப்பும் இல்லாத ஆயுள் தண்டனை ஆக்கியது. கௌசல்யாவின் தந்தையை விடுதலை செய்தது. தாய், தாய்மாமன் உள்ளிட்ட மூவரின் விடுதலையும் அப்படியே நின்றது. தந்தைக்கும் கொலைகாரர்களுக்கும் இடையே சதி இருந்ததாகச் சொல்லப்பட்ட சூழ்நிலைச் சான்றுகள், அதாவது பணம் எடுத்தது, தொலைபேசியில் பேசியது, விடுதியில் தங்கவைத்தது போன்றவை சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்கப்படவில்லை என்பது நீதிமன்றத்தின் முடிவு. அரசுத் தரப்பு உச்ச நீதிமன்றத்துக்கு மேல்முறையீடு செய்தது. ஓய மாட்டேன் என்று கௌசல்யாவும் அறிவித்தார்.

சட்டப்படி அவர் தந்தை இன்று குற்றவாளி அல்ல. அதை மறைத்துப் பேசுவது நியாயமும் இல்லை. ஆனால் இந்தத் தீர்ப்பு நமக்குச் சொல்லித்தரும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கௌசல்யாவின் சாட்சியத்தால் கண் எதிரே நடந்ததை நிரூபிக்க முடிந்தது. யார் வெட்டினார்கள் என்று அவர் சொன்னார், கேமராவும் சொன்னது. அதற்குப் பின்னால் ஒரு சதி இருந்ததா, இருந்தால் யார் யாரிடம் எப்போது பேசினார்கள் என்பதை அவரால் சொல்ல முடியாது. அப்போது அவர் கொமரலிங்கத்தில் இருந்தார். அதைச் சொல்லக்கூடியவர்கள் வேறு ஆட்கள். எந்த ஆணவக் கொலையிலும் ஐந்தாறு வெளியாட்கள் திடீரென்று எங்கிருந்தோ வந்து வெட்டிவிட்டுப் போவதில்லை. ஆள் தேடுவதும் பணம் கைமாறுவதும் நாள் குறிப்பதும் சிலருக்காவது தெரிந்தே நடக்கும். அவர்களில் ஒருவர் காவல் நிலையத்துக்கு ஒரு போன் போட்டிருந்தால் போதும். எந்த வழக்கிலும் அப்படி ஒரு போன் வந்ததாகக் கேள்விப்பட்டதில்லை.

அதற்கும் முந்தைய வட்டம் ஒன்று இருக்கிறது. கல்யாண வீட்டில் அந்த அப்பாவைப் பார்த்து முகம் திருப்பியவர்கள், பெண்ணை அடக்கி வளர்க்கத் தெரியவில்லை என்று காதுபடப் பேசியவர்கள், சங்கக் கூட்டத்தில் 'நம்ம பொண்ணுங்க' என்று மைக் பிடித்துப் பேசியவர்கள். குற்றப்பத்திரிகையில் இவர்கள் பெயர் ஒருநாளும் வராது. வரவும் முடியாது, ஏனென்றால் முகம் திருப்புவது குற்றம் அல்ல. ஆனால் ஒரு தகப்பன் மகளை இழந்தாலும் பரவாயில்லை, சொந்தக்காரர் மதிப்பை இழக்கக் கூடாது என்று நினைக்கும் நிலைக்கு வருகிறான் என்றால், அந்த மதிப்பைக் கையில் வைத்திருந்தவர்கள் யார் என்று கேட்டாக வேண்டும். ஊரில் ஒருவர் திருடினால் சாதிசனம் விலக்கி வைப்பதில்லை. வரதட்சணை கேட்டு மருமகளை அடித்தவனை யாரும் விசேஷத்துக்குக் கூப்பிடாமல் இருப்பதில்லை. மகள் தனக்குப் பிடித்தவனைக் கட்டிக்கொண்டால் மட்டும் பந்தியில் இடமில்லை. நம் சமூக ஒழுக்கத்தின் அளவுகோல் இப்படித்தான் இருக்கிறது.

காவல்துறையின் பங்கைத் தனியாகச் சொல்ல வேண்டும். விருத்தாசலம் அருகே 2003இல், சாதி மாறித் திருமணம் செய்துகொண்ட கண்ணகியையும் முருகேசனையும் ஊர் பார்க்க விஷம் ஊற்றிக் கொன்றார்கள். அந்த வழக்கில் 2021இல் கடலூர் நீதிமன்றம் தண்டித்த 13 பேரில், கண்ணகியின் தந்தையும் அண்ணனும் மட்டுமல்ல, வழக்கைத் திசை திருப்பிய காவல் அதிகாரிகள் இருவரும் இருந்தார்கள். 18 ஆண்டு ஆனாலும் சீருடை போட்டவரின் பொறுப்பையும் கேட்டது அந்தத் தீர்ப்பு. உடுமலையில் அந்தக் கேள்வி அழுத்தமாகக் கேட்கப்படவில்லை. திருமணமானதும் பாதுகாப்பு தேடிப் போனார்கள். கடத்தல் புகார் கொடுத்தார்கள். மிரட்டல் இருப்பது தெரியும். இத்தனைக்கும் பிறகு கொலை நாளன்று அந்த இருவரும் எந்தப் பாதுகாப்பும் இல்லாமல் பேருந்துக்குக் காத்திருந்தார்கள்.

சங்கர் கொல்லப்பட்டுச் சரியாக ஒரு மாதம் கழித்து, 2016 ஏப்ரல் 13 அன்று, சாதி மாறித் திருமணம் செய்து உயிரிழந்த உசிலம்பட்டிப் பக்கத்து விமலாதேவியின் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் ஓர் உத்தரவு போட்டது. மாவட்டந்தோறும் காவல் கண்காணிப்பாளர், சமூக நல அலுவலர், ஆதிதிராவிடர் நல அலுவலர் ஆகியோர் கொண்ட சிறப்புப் பிரிவு வேண்டும், 24 மணி நேர உதவி எண் வேண்டும், மிரட்டலுக்கு உள்ளாகும் தம்பதிகளுக்குப் பாதுகாப்பும் தங்க இடமும் தர வேண்டும் என்றது. 2018 மார்ச் 27 அன்று சக்தி வாஹினி என்ற தொண்டு நிறுவனம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றமும் ஏறத்தாழ இதையே நாடு முழுமைக்கும் சொன்னது. தகவல் தெரிந்தும் நடவடிக்கை எடுக்காத அதிகாரிகள் மீது துறை நடவடிக்கை எடுக்க வேண்டும், இந்த வழக்குகளை முடிந்தவரை ஆறு மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்றும் சேர்த்துச் சொன்னது.

இந்த உத்தரவுகளில் இருப்பது ஒன்றும் கிடைக்காத பொருள் அல்ல. ஓர் அறை, ஒரு தொலைபேசி, அதை எடுக்க ஓர் ஆள், காவல் நிலையத்துக்கு வரும் தம்பதியிடம் 'அப்பா அம்மாவோடு பேசி சமாதானமாகப் போங்க' என்று சொல்லாத ஓர் அதிகாரி. அடுத்த கௌசல்யா காவல் நிலையப் படி ஏறும்போது இவை இருந்தால் அவர் சாட்சிக் கூண்டு வரைக்கும் போக வேண்டி வராது. பெற்றோருக்கு எதிராகச் சாட்சி சொல்லும் தைரியம் நம் பெண்களுக்கு வர வேண்டும் என்று மேடையில் பேசுகிறவர்களிடம், உங்கள் மாவட்டத்தில் அந்தச் சிறப்புப் பிரிவு எந்த அறையில் இயங்குகிறது, இந்த ஆண்டு எத்தனை தம்பதிகள் அங்கே வந்தார்கள், அவர்களில் எத்தனை பேரை வீட்டுக்கே திருப்பி அனுப்பினார்கள் என்று கேட்க வேண்டும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனுப் போட்டால் முப்பது நாளில் பதில் சொல்லியாக வேண்டிய கேள்விகள்தான் இவை.